அந்தக் கடைசிப் பத்தி ஆபத்தானது

சிஸ்டமிக் ஸ்க்ளிரோசிஸ் என்னும் தோல் இறுக்க நோயைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் வாதத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஐம்பது ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்கள் இந்த நோயின் மூலக்கூறுகளைத் தோண்டிக்கொண்டிருக்கின்றன. நோய் இன்னும் குணமாகவில்லை. எலியிடம் பலித்த மருந்தெல்லாம் மனிதனிடம் தோற்றது. லட்சத்தில் சிலருக்கு வரும் நோய்க்கு இத்தனை செலவு தேவையில்லை. ஆகவே நோய் எப்படி உண்டாகிறது என்ற ஆராய்ச்சியை மூட்டை கட்டிவைத்துவிட்டு, அந்தப் பணத்தை நோயாளியின் அன்றாட அவதியைக் குறைக்கச் செலவிட வேண்டும். இதோடு நின்றிருந்தால்கூட இதை ஒரு கருத்து என்று எடுத்துக்கொண்டு வாதாடலாம். கடைசிப் பத்தியில் கட்டுரையாளர் வைத்தியமும் சொல்கிறார். எதிர்ப்புச் சக்தி சொந்த உடலைத் தாக்குவதுதான் நோய் என்றால் அதை அடக்க ஸ்டீராய்டு எல்லா ஊரிலும் மலிவாகக் கிடைக்கிறதாம். அதைத் தாராளமாகக் கொடுத்தால் போதுமாம். மற்றதெல்லாம் ஆய்வாளர்களின் பிழைப்பாம்.

அந்தக் கடைசிப் பத்தியிலிருந்தே தொடங்குகிறேன். அதை நம்பி ஒருவர் மாத்திரை வாங்கி விழுங்கினால் அவருடைய சிறுநீரகம் போகலாம், உயிரும் போகலாம். கட்டுரையாளர் வேண்டாம் என்று தள்ளும் அதே ஆராய்ச்சி, பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்து எச்சரித்த உண்மை இது.

இந்த நோயில் மூன்று கோளாறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. சிறிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் பழுதாகிறது. எதிர்ப்புச் சக்தி, சொந்த உயிரணுக்களின் கருவுக்குள் இருக்கும் புரதங்களுக்கு எதிராகவே ஆன்டிபாடிகளைச் செய்கிறது. காயத்தை ஆற்ற வேண்டிய ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்கள், ஆற்றுவதற்கு எதுவும் இல்லாத இடத்திலும் கொலாஜனைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. தோல், நுரையீரல், குடல், இதயம் எல்லாம் நாராக இறுகுகின்றன. கட்டுரையாளர் இந்த மூன்றில் நடுவில் உள்ளதை மட்டும் பிடித்துக்கொண்டார். ஸ்டீராய்டு யோசனை அவருக்குத் தோன்றியது அதனால்தான். நோயின் இயக்கத்தைப் பாதி மட்டும் தெரிந்துகொண்டு மருந்து எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு அவருடைய பத்தியே சான்று.

சிறுநீரக நெருக்கடி என்று மருத்துவர்கள் அழைக்கும் நிலை ஒன்று உண்டு. தோல் பரவலாக இறுகும் வகையில், பெரும்பாலும் நோயின் முதல் சில ஆண்டுகளுக்குள் அது வரும். நேற்றுவரை சாதாரணமாக இருந்த ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். தலைவலி, கண் மங்கல், மூச்சுத்திணறல், சிலருக்கு வலிப்பு. நாட்களில், மிஞ்சினால் வாரங்களில், சிறுநீரகம் செயலிழக்கும். 1970-களில் இந்த நிலைக்கு வந்த ஒருவர் ஓராண்டு கழித்து உயிரோடு இருப்பது அபூர்வம். அழுத்தத்தைக் குறைக்க அன்றைய மருந்துகள் எதுவும் பிடிகொடுக்காததால், இரண்டு சிறுநீரகங்களையும் அறுத்து எடுத்துவிட்டு டயாலிசிஸில் போட்டு உயிரைக் காப்பாற்ற முயன்றார்கள். இறுகும் உடம்பைக் காப்பாற்ற உறுப்பையே வெட்டியெறிவதுதான் அன்று கையில் இருந்த கடைசி ஆயுதம்.

அந்த நிலை எப்படி மாறியது என்பது கட்டுரையாளர் படித்திருக்க வேண்டிய வரலாறு. 1898-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்குள் செலுத்தியபோது ரத்த அழுத்தம் ஏறியது. அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். அதனால் என்ன பயன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் அவர்களிடம் பதில் இருந்திருக்காது. 1960-களில் பிரேசிலின் செர்ஜியோ ஃபெரெய்ரா, ஜரராகா விரியனின் நஞ்சில் ரத்தக்குழாயைத் தளர்த்த உதவும் பெப்டைடுகளைக் கண்டு, அதை லண்டனில் ஜான் வேனின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அந்த நஞ்சு, ரெனினால் தொடங்கும் சங்கிலியில் ஒரு நொதியை முடக்குகிறது என்று தெரிந்தது. ஸ்க்விப் நிறுவனத்தில் மிகுவல் ஒண்டெட்டியும் டேவிட் குஷ்மனும் அந்த நொதியின் வடிவத்தை ஊகித்து, அதில் பொருந்துமாறு ஒரு மூலக்கூறைச் செதுக்கினார்கள். கேப்டோப்ரில் பிறந்தது.

இன்னொரு பக்கம் இந்த நோயால் இறந்தவர்களின் சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், குறுகிய தமனிகளின் உட்சுவர் அடுக்கடுக்காகத் தடித்து வழியை அடைத்திருப்பதைக் கண்டார்கள். ரத்தம் போதாத சிறுநீரகம் ரெனினைப் பீய்ச்சுகிறது. ரெனின் குழாய்களை மேலும் சுருக்குகிறது. சுருங்கிய குழாய் வழியே ரத்தம் இன்னும் குறைகிறது. நெருக்கடியில் இருந்த நோயாளிகளின் ரத்தத்தில் ரெனின் உச்சத்தில் இருந்தது. இந்தச் சுழலைப் புரிந்துகொண்டதால்தான், புதிதாக வந்த அந்த மருந்தை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது. 1979-இல் நியூயார்க் மருத்துவர்கள் இரண்டே இரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்து நெருக்கடி திரும்பியதை அறிவித்தார்கள். பிட்ஸ்பர்கில் வர்ஜீனியா ஸ்டீனும் சக மருத்துவர்களும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் கதையைத் தொகுத்து 1990-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்த வகை மருந்து பெற்றவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 76 சதவீதம். பெறாதவர்களில் 15 சதவீதம். ஸ்டீனும் தாமஸ் மெட்ஸ்கரும் பின்னர் முப்பது ஆண்டு மரணங்களை ஆராய்ந்தபோது, இந்த நோயோடு தொடர்புடைய இறப்புகளில் சிறுநீரக நெருக்கடியின் பங்கு 42 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியிருந்தது.

ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியில் ஒன்றும் விளையவில்லை என்று எழுதிய கை இந்த எண்களுக்கு முன்னால் என்ன எழுதப்போகிறது?

இது உயர் ரத்த அழுத்தத்துக்காகச் செய்த மருந்துதானே, இந்த நோய்க்கான ஆராய்ச்சியின் கணக்கில் எப்படி வரும் என்று அவர் கேட்கலாம். நொதியைக் கண்டவர்கள் வேறு, மருந்தைச் செதுக்கியவர்கள் வேறு என்பது உண்மை. ஆனால் மருந்து அலமாரியில் இருந்தால் மட்டும் நோயாளி பிழைத்துவிட மாட்டார். இந்த நெருக்கடியின் அடியில் ரெனின்தான் இருக்கிறது என்று சொன்னது, இந்த நோயாளிகளின் திசுவையும் ரத்தத்தையும் ஆராய்ந்த வேலை. மூட்டை கட்டச் சொல்வது அந்த வேலையைத்தான். அதே வேலை மருந்தின் எல்லையையும் காட்டியது. நெருக்கடி வந்தபின் உயிர்காக்கும் இந்த மருந்தை, வருமுன் காக்கும் என்று எல்லாருக்கும் கொடுத்துவைத்தால் பலன் இல்லை. ஏற்கெனவே இதை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நெருக்கடி வந்தபோது அவர்களின் நிலை மோசமாகவே இருந்ததைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஊகத்தில் வைத்தியம் செய்பவர் இதை ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

இனி ஸ்டீராய்டு. 1998-இல் அதே ஸ்டீனும் மெட்ஸ்கரும், நெருக்கடி வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தினமும் 15 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோன் எடுத்துக்கொண்டவர்களுக்கு அடுத்த சில மாதங்களில் சிறுநீரக நெருக்கடி வரும் ஆபத்து பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அன்றிலிருந்து, தோல் வேகமாக இறுகிவரும் நோயாளிக்கு ஸ்டீராய்டை அதிக அளவில் கொடுக்க விவரம் தெரிந்த எந்த வாத நோய் மருத்துவரும் தயங்குவார். மூட்டு வீக்கத்துக்கோ தசை அழற்சிக்கோ தவிர்க்க முடியாமல் கொடுக்கும்போது குறைந்த அளவில், ரத்த அழுத்தத்தைக் கண்காணித்தபடி கொடுப்பார். நம் கட்டுரையாளரோ தாராளமாகக் கொடுக்கச் சொல்கிறார். கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடப்புத்தகத்தில் இருக்கும் எச்சரிக்கையைப் படிக்காமல் மருந்தின் பெயரை அச்சில் எழுதுவது பொறுப்பற்ற செயல். இதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து, தோற்றுப்போன மருந்துகளின் பட்டியல். பட்டியல் சரிதான், ஒன்றையும் மறுக்க மாட்டேன். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் தலைகீழ்.

டி-பெனிசிலமின் என்ற மருந்து கொலாஜன் இழைகளின் பிணைப்பைக் குலைக்கும் என்பதால் பல ஆண்டுகள் இந்த நோய்க்குக் கொடுக்கப்பட்டது. 1999-இல் வெளியான சோதனையில் அதிக அளவு கொடுத்தவர்களுக்கும் பெயருக்குச் சிறு அளவு கொடுத்தவர்களுக்கும் தோலில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. அத்தனை ஆண்டுகள் மருத்துவர்கள் அதை நம்பியதற்குக் காரணம் உண்டு: பரவலாக இறுகும் தோல் சில ஆண்டுகளில் தானாகவே ஓரளவு இளகும். மருந்து கொடுத்தாலும் இளகும், கொடுக்காவிட்டாலும் இளகும். நோயின் இயல்பான போக்கைத் தெரிந்துகொள்ளாமல் அன்றாட அவதியைக் குறைக்கக் கிளம்பினால், இளகும் காலத்தில் எதைக் கொடுத்தோமோ அதற்கே புகழ் போய்ச் சேரும். கட்டுரையாளர் விரும்பும் வழியில்தான் டி-பெனிசிலமின் அத்தனை காலம் ஓடியது. அதை நிறுத்தியது ஆராய்ச்சி.

ரிலாக்சின் கதை இன்னும் கடுமையானது. கர்ப்ப காலத்தில் சுரக்கும் இந்த ஹார்மோன் இணைப்புத் திசுவைத் தளர்த்தும் என்று நம்பித் தொடங்கிய பெரிய சோதனையில் தோல் இளகவில்லை. மருந்தை நிறுத்தியபோது சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரகம் பழுதானது. ரிலாக்சின் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி வைத்திருந்தது. சட்டென்று விலக்கியதும் பழுதான குழாய்கள் சுருங்கிக்கொண்டன என்பதே அதற்கு இயல்பான விளக்கம். இந்த நோயில் ரத்தக்குழாயைக் கணக்கில் எடுக்காமல் கொலாஜனை மட்டும் குறிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நோயாளிகள் தங்கள் உடம்பால் கொடுத்த விலை அது. அந்த விலையைக் கொடுத்தபின், புரிந்துகொள்வதை நிறுத்திவிடலாம் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைப் பற்றிக் கட்டுரையாளர் இரண்டு வரி எழுதியிருக்கிறார்: ஃபைப்ரோபிளாஸ்டைக் கொலாஜன் செய்யத் தூண்டும் முதன்மைச் சமிக்ஞை என்றார்கள், அதைத் தடுக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்தார்கள், பலன் இல்லை, கதை முடிந்தது. கதை அங்கே முடியவில்லை. 2007-இல் தோற்றதாக அறிவிக்கப்பட்ட அந்த ஆன்டிபாடி, டிஜிஎஃப்-பீட்டாவின் மூன்று வடிவங்களில் ஒன்றை மட்டும் பிடிப்பது. அதோடு, இந்தப் புரதம் ரத்தத்தில் சுற்றித் திரிந்து வேலை செய்வதில்லை. திசுவுக்குள் உறைபோட்ட நிலையில் கட்டுண்டு கிடக்கிறது. உயிரணுவின் மேலிருக்கும் இன்டெக்ரின் என்ற பற்றுக்கொக்கிகள் அந்த உறையைப் பிடித்து இழுக்கும்போதுதான் விடுபடுகிறது. திசு எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாக விடுபடும். அதாவது இறுக்கமே இறுக்கத்தை வளர்க்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வெளியிலிருந்து ஆன்டிபாடியைச் செலுத்தியது, ஊற்றுக்கண் திறந்திருக்கும் கிணற்றை வாளியால் இறைத்து வற்றவைக்க முயன்றது போலத்தான். மூன்று வடிவங்களையும் பிடிக்கும் ஃப்ரெசோலிமுமாப் என்ற ஆன்டிபாடியை 15 பேருக்குக் கொடுத்த சிறிய சோதனையின் முடிவு 2015-இல் வந்தது. தோலில் இறுக்கம் குறைந்தது, டிஜிஎஃப்-பீட்டா தூண்டும் மரபணுக்களின் செயல்பாடும் குறைந்தது. கூடவே ரத்தக்கசிவும் ரத்தசோகையும் வந்தன. இந்தப் புரதம் ஆரோக்கியமான உடலுக்கும் வேண்டியது; கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் அடைக்க முடியாது. இப்போதைய கேள்வி, இறுகும் திசுவில் மட்டும் அது விடுபடும் இடத்தை அடைப்பது எப்படி என்பது. முதல் தோல்வியோடு கடையை மூடியிருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

எலியைப் பற்றிய குற்றச்சாட்டை எலியில் ஆய்வு செய்தவர்களே அவருக்கு முன்பு, அவரைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட்டார்கள். பிறவியிலேயே தோல் இறுகிய எலி ஒன்று உண்டு. ஃபிப்ரில்லின் மரபணுவின் ஒரு பகுதி இரட்டித்ததால் வந்த இறுக்கம் அது என்று 1996-இல் கண்டார்கள். அந்த எலிக்கு இந்த நோயின் ரத்தக்குழாய்ப் பழுது கிடையாது. ப்ளியோமைசின் ஊசி போட்டுத் தோலை இறுகச் செய்யும் எலிக்கும் முழு நோய் வருவதில்லை. இதெல்லாம் தெரிந்ததால்தான் ஆராய்ச்சி மனிதத் தோலுக்கு நகர்ந்தது. நோயாளிகள் முன்கையிலிருந்து ஒரு பொட்டளவு தோலை வெட்டிக் கொடுக்கிறார்கள். 2008-இல் அப்படி வந்த தோல் துண்டுகளின் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்து, ஒரே பெயரில் அழைக்கப்படும் இந்த நோய்க்குள் வெவ்வேறு உட்பிரிவுகள் இருப்பதை மைக்கேல் விட்ஃபீல்டின் குழு காட்டியது. ஒருவருக்கு அழற்சி மேலோங்கியிருக்கிறது, இன்னொருவருக்கு நார்த்திசுப் பெருக்கம். எல்லாரையும் ஒரே கூட்டமாகச் சேர்த்து ஒரே மருந்தைக் கொடுத்தால் சராசரியில் பலன் கரைந்துபோகும். தோற்ற சோதனைகள் சிலவற்றையேனும் இந்த வெளிச்சத்தில் மறுபடி படிக்க வேண்டும்.

தவறு நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2006-இல் இத்தாலியில் ஒரு குழு, பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியைத் தூண்டும் ஆன்டிபாடி இந்த நோயாளிகள் அனைவரிடமும் இருப்பதாக அறிவித்தபோது, விடை கிடைத்துவிட்டது என்றே பலர் நம்பினார்கள். மற்ற ஆய்வுக்கூடங்கள் அதே முடிவைத் திரும்பப் பெற முயன்று தோற்றன. அதையும் வெளிப்படையாக எழுதினார்கள். தன் பிழையைத் தானே வெளியே சொல்லும் துறையைப் பிழைப்புவாதம் என்று எழுத ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும், அல்லது அந்தத் துறையை எட்டிப் பார்த்திருக்கக் கூடாது.

இன்று இந்த நோயாளிகளை அதிகம் கொல்வது நுரையீரல் பாதிப்பு. நின்டெடனிப் என்ற மருந்தின் சோதனை 2019-இல் வெளியானது. 576 பேர் பங்கேற்றார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களின் நுரையீரல் கொள்ளளவு ஓராண்டில் சராசரியாக 93 மில்லிலிட்டர் இழப்பு கண்டது. மருந்து பெற்றவர்களுக்கு 52. நாற்பது மில்லிலிட்டர், மூன்று மேசைக்கரண்டி கூட இல்லை என்று கட்டுரையாளர் ஒதுக்கிவிடுகிறார். இழப்பின் வேகம் பாதியை நெருங்கக் குறைந்திருக்கிறது. இழந்த நுரையீரல் திரும்ப வராத நோயில், ஆண்டுக்கு ஆண்டு சேரும் வேறுபாடு அது. அதே மருந்து தோலில் எந்த மாற்றமும் செய்யவில்லை. டோசிலிசுமாப் என்ற மருந்தும் 2020-இல் வெளியான சோதனையில் தோலுக்கான இலக்கில் தோற்றது, நுரையீரலைப் பெருமளவு காத்தது. 2021-இல் அமெரிக்காவில் அதற்காக ஒப்புதல் பெற்றது. தோலும் நுரையீரலும் ஒரே பாதையில் இறுகுவதில்லை என்பதை இரண்டு சோதனைகளும் நமக்குச் சொல்லியிருக்கின்றன.

என் அக்கா இந்த நோயோடு வாழ்கிறார். மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு நெருப்பாக எரியும். வாய் முன்போல் அகலத் திறப்பதில்லை. கொய்யாப்பழத்தைச் சீவிக் கொடுக்க வேண்டும். நின்டெடனிப்பால் வரும் வயிற்றுப்போக்கைச் சபித்துக்கொண்டே, மூச்சுக்காக அதை விடாமல் விழுங்குகிறார். ஆகவே அன்றாட அவதியைக் குறையுங்கள் என்று கட்டுரையாளர் சொல்லும்போது, அந்த அவதி எப்படியிருக்கும் என்று எனக்கு அவர் சொல்லித்தர வேண்டியதில்லை. மெழுகு ஒத்தடமும் கையுறையும் விரல் பயிற்சியும் வேண்டும். எந்த ஆய்வாளரும் அவற்றுக்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அக்காவின் விரல் நுனிப் புண்கள் குறைந்தது கையுறையால் மட்டும் இல்லை. சில்டெனாஃபில் என்ற மருந்து ரத்தக்குழாயைத் தளர்த்துவது நைட்ரிக் ஆக்ஸைடு பாதையின் வழியே. அந்தப் பாதையைக் கண்டவர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ரத்தக்குழாயைச் சுருக்கும் எண்டோதெலின் என்ற பொருளை 1988-இல் ஜப்பானின் சுகுபாவில் மசாஷி யனகிசவாவும் சகாக்களும் பிரித்தெடுத்தார்கள். அதைத் தடுக்கும் போசென்டன், புதிய விரல் புண்கள் வருவதைக் குறைக்கிறது. இருக்கும் புண்ணை அது வேகமாக ஆற்றுவதில்லை. அதையும் சோதனைதான் சொன்னது. அன்றாட அவதியைக் குறைத்த மருந்துகளே நோயின் இயக்கத்தை ஆராய்ந்ததால் வந்தவை என்கிறபோது, இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பணத்தைப் பங்கிடச் சொல்வது எந்தக் கணக்கு?

நோயாளிகளின் பெயரால் பேசும் இந்த வாதத்தை நோயாளிகளே முன்பு நிராகரித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஷரோன் மோன்ஸ்கி என்ற இளம்பெண் இந்த நோய்க்கு ஆளானபின், 1987-இல் ஸ்க்ளிரோடெர்மா ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். நோய் எப்படி உண்டாகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே பணம் திரட்டினார். 2002-இல் இந்த நோயே அவரைக் கொண்டுபோனது. தனக்குப் பயன்படாது என்று தெரிந்தும் அடுத்தவருக்காக ஆராய்ச்சி கேட்ட பெண்ணின் பக்கம் நிற்பதா, அது வீண் என்று ஓர் இரவில் தீர்ப்பெழுதியவர் பக்கம் நிற்பதா என்று வாசகர் முடிவு செய்யட்டும்.

அரிய நோய் என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. இதில்தான் அவருடைய அறியாமை முழுதாக வெளிப்படுகிறது. இந்த நோயாளிகளில் ஆர்என்ஏ பாலிமரேஸ் 3 என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி உள்ள சிலருக்கு, தோல் இறுகத் தொடங்கும் அதே காலத்தில் புற்றுநோயும் வெளிப்படுவதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் கவனித்தார்கள். தற்செயல் என்று விட்டுவிடாமல் கட்டிகளின் மரபணுவைப் படித்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில், இந்த ஆன்டிபாடி இருந்த எட்டுப் பேரில் ஆறு பேரின் கட்டியில் அதே புரதத்துக்கான மரபணு மாறியிருந்தது. ஆன்டிபாடி இல்லாத எட்டுப் பேரில் ஒருவருக்கும் மாறவில்லை. கட்டியில் உருமாறிய புரதத்தை அந்நியமாகக் கண்டு தாக்கிய எதிர்ப்புச் சக்தி, பிறகு நல்ல புரதத்தையும் தாக்கத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் சிலரிடம் இந்த நோய், உடம்பு புற்றுநோயோடு நடத்திய போரின் பின்விளைவு. லட்சத்தில் சிலருக்கு வரும் நோயை உற்றுப் பார்த்ததால், லட்சக்கணக்கானவர்களுக்கு வரும் நோயின் மீது வெளிச்சம் விழுந்தது. இதனால் நடைமுறையிலும் ஒரு பயன் உண்டு: இந்த ஆன்டிபாடி உள்ளவருக்கு நோய் தொடங்கிய ஆண்டுகளில் புற்றுநோய் இருக்கிறதா என்று மருத்துவர்கள் கவனமாகத் தேடுகிறார்கள்.

வேறு எடுத்துக்காட்டும் உண்டு. எடின்பரோவில் பைரம் பிராம்வெல், தோல் இறுகிய தன் நோயாளிகளில் கல்தச்சர்கள் பலர் இருப்பதை 1914-இலேயே பதிவு செய்தார். 1957-இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடமும் அதே நோய் பதிவானது. சிலிக்கா தூசு இந்த நோயைத் தூண்டும் என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. ஸ்கேன் எடுக்கும்போது செலுத்திய கடோலினியம் சாயத்தால், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் தோல் கல்லாக இறுகியதை 2006-இல் கண்டறிந்தார்கள். எந்தச் சாயத்தை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதி வந்தபின் சாயத்தால் வந்த அந்த நோயே ஏறக்குறைய மறைந்தது. காரணத்தைத் தேடுவது ஆடம்பரம் என்பவர் கல் உடைப்பவரிடமும் டயாலிசிஸில் இருப்பவரிடமும் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இப்போது ஜெர்மனியின் எர்லாங்கனில் நடப்பதைப் பெரிதாக ஊதிக்காட்ட எனக்கு விருப்பமில்லை. நோயாளியின் டி உயிரணுக்களை எடுத்து, ஆன்டிபாடி செய்யும் பி உயிரணுக்களை அழிக்குமாறு மாற்றித் திரும்பச் செலுத்துகிறார்கள். 2024-இல் அவர்கள் வெளியிட்ட 15 பேரில் நான்கு பேர் மட்டும் இந்த நோயாளிகள். ஒப்பீட்டுக் குழு இல்லை, காலமும் குறைவு. ஆனால் ஆன்டிபாடி இந்த நோயில் வெறும் அடையாளமா, குற்றவாளியா என்று பல பத்தாண்டுகளாக ஓடும் சர்ச்சைக்கு இப்படிப்பட்ட சிகிச்சைதான் விடை தர முடியும். அவர்களின் தோலும் நுரையீரலும் வரும் ஆண்டுகளில் எப்படி நடந்துகொள்ளும் என்று உலகெங்கும் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆன்டிபாடி வெறும் அடையாளம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்த்துவைத்திருக்கிறார். எந்தச் சான்றை வைத்து என்று எழுதவில்லை.

ஆராய்ச்சி வேண்டுமா என்ற விவாதத்தை அவர் விரும்பும்வரை தொடரலாம், நான் தயார். ஸ்டீராய்டு பற்றிய பத்திக்கு மட்டும் அந்த அவகாசம் கிடையாது. அது தவறு என்று அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஆசிரியர் குழு திருத்தம் வெளியிட வேண்டும். அதுவரை இதைப் படிக்கும் நோயாளிகளுக்கு: மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டைத் தொடங்காதீர்கள், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். தோல் வேகமாக இறுகிவரும் ஆண்டுகளில் வீட்டில் ஒரு பி.பி. கருவி வைத்து அடிக்கடி பாருங்கள். வழக்கமான அளவைவிடத் திடீரென்று ஏறினால், தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால், மறுநாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய், இந்த நோய் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.